ஐந்து பள்ளிகளுக்கு ஒரே வழக்கு: சட்டவியல் தாளை அணுகுவது எப்படி?

கேள்வி: மூன்றாண்டு சட்டப் படிப்பில் முதலாம் ஆண்டு மாணவி நான். சட்டவியல் தாளுக்காக ஆஸ்டின், கெல்சன், ஹார்ட், சாவிக்னி என்று பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு தீர்ப்பைக் கொடுத்து, அதைச் சட்டத் தத்துவ நோக்கில் ஆராயச் சொன்னால் கை ஓடுவதில்லை. இயற்கைச் சட்டவாதிகள் அறத்தின் பக்கம் நின்றவர்கள், பாசிட்டிவிசவாதிகள் அதிகாரத்தின் பக்கம் நின்றவர்கள் என்று மட்டும் மனத்தில் பதிந்திருக்கிறது. இது சரிதானா? எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்: சரியன்று. மனத்தில் பதிந்த அந்த எண்ணம்தான் உங்கள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பள்ளிகள் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்லும் போட்டிக் கட்சிகள் அல்ல. இயற்கைச் சட்டப் பள்ளியின் அக்குவினாஸும் பாசிட்டிவிசப் பள்ளியின் ஆஸ்டினும் சட்டம் என்ற பெயருக்கு உரியது எது என்று கேட்டார்கள். வரலாற்றுப் பள்ளியின் சாவிக்னி சட்டம் எங்கிருந்து முளைக்கிறது என்று கேட்டார். சமூகவியல் பள்ளியின் ரோஸ்கோ பவுண்ட் அது சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். ரியலிசப் பள்ளியின் ஹோம்ஸ் நீதிமன்றம் உண்மையில் என்ன செய்யப்போகிறது என்பதில் கண் வைத்தார். ஆகவே ஒரு தீர்ப்பு கையில் கிடைத்தால், அது எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்று முத்திரை குத்தாமல், ஒவ்வொருவரும் அதனிடம் என்ன கேட்டிருப்பார் என்று எழுதிப் பாருங்கள்.

பழகிப் பார்க்க ஏற்ற வழக்கு, ஆட்கொணர்வு வழக்கு என்றே அறியப்பட்ட, 1976 ஏப்ரல் 28இல் தீர்ப்பளிக்கப்பட்ட ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா வழக்காகும். 1975 ஜூன் 25இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அரசமைப்பின் 14, 21, 22ஆம் உறுப்புகளைச் செயற்படுத்தக் கோரி நீதிமன்றம் செல்லும் உரிமையை, 359ஆம் உறுப்பின்கீழ் குடியரசுத் தலைவரின் ஆணை இரண்டே நாளில் நிறுத்தி வைத்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுக்களோடு உயர் நீதிமன்றங்களை அணுகினார்கள். மிசா என்ற சொல்லுக்கு நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. 1976 ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்ட பிறகு அந்தச் சட்டம் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் இம்மனுக்களை விசாரிக்கலாம் என்றன. உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர், காவல் ஆணை சட்டத்துக்கு உட்படாததாகவோ தீய நோக்கத்தில் பிறப்பிக்கப்பட்டதாகவோ இருந்தாலும் மனுவைத் தொடர எவருக்கும் உரிமை இல்லை என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில், பெரும்பான்மைத் தீர்ப்பு பாசிட்டிவிசம், கன்னாவின் தீர்ப்பு இயற்கைச் சட்டம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கன்னாவின் தீர்ப்பை ஒரு முறையாவது முழுமையாக வாசித்தவர் அப்படி எழுத மாட்டார். வாழ்வுரிமைக்கு 21ஆம் உறுப்பு ஒன்றே உறைவிடம் அன்று என்பது அவருடைய மையவாதம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் அரசு ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க முடியாது என்ற விதி, அரசமைப்புக்கு முன்பே இந்நாட்டில் செயலில் இருந்த சட்டம். மிசாவின் நிபந்தனைகளைக்கூடப் பின்பற்றாத காவலை 226ஆம் உறுப்பின்கீழ் சோதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் இன்னும் இருக்கிறது. இவை முழுக்க முழுக்க நடைமுறைச் சட்டத்திலிருந்து, அதாவது நாட்டில் உண்மையில் செயலில் இருக்கும் சட்டத்திலிருந்து, எடுத்த வாதங்கள். ஹார்ட் வாசித்திருந்தால் இவற்றில் தம் கோட்பாட்டுக்கு முரணான எதையும் கண்டிருக்க மாட்டார். பெரும்பான்மையினர் தவறியது பாசிட்டிவிசத்தால் அல்ல, நடைமுறைச் சட்டத்தைக் குறுகலாக வாசித்ததால் என்பதே என் கருத்து. உங்கள் பேராசிரியர் உடன்படாமல் போகலாம். காரணத்தோடு எழுதினால் மதிப்பெண் குறையாது.

பாசிட்டிவிசம் உண்மையில் சொல்வது என்ன என்பதில் சற்று நின்று செல்ல வேண்டும். ஒரு சட்டம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்லதா கெட்டதா என்பது வேறொரு கேள்வி என்று ஆஸ்டின் 1832இல் எழுதினார். கெட்ட சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவருடைய ஆசான் பெந்தாம், இருக்கும் சட்டத்தைச் சளைக்காமல் சாடிய சீர்திருத்தவாதி. சட்டத்தையும் அறத்தையும் குழப்பிக்கொண்டால் சட்டத்தை விமர்சிக்கவே முடியாமல் போகும் என்று அஞ்சியதால்தான் அவர் அந்தக் கோட்டைக் கிழித்தார். ஆஸ்டினின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் என்பது தண்டனை அச்சத்தோடு கூடிய இறையாளரின் கட்டளை என்றால், அந்த இறையாளரையே கட்டுப்படுத்தும் அரசமைப்பை எங்கே வைப்பது? சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கும் மனுநீதிச் சோழனை இயற்கைச் சட்டத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதுகிறார்கள். தன் விதிக்குத் தானே கட்டுப்பட்ட அரசன் என்ற வகையில் அவன் ஆஸ்டினுக்கான மறுப்பாகவே எனக்குப் படுகிறான். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் கெல்சன் சட்ட ஒழுங்கு முழுவதும் செல்லுபடியாவதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படும் அடிப்படை நெறியையும், ஹார்ட் 1961இல் எது சட்டம் என்று அடையாளம் காண அதிகாரிகள் பின்பற்றும் அங்கீகார விதியையும் முன்வைத்தார்கள். கெல்சனுக்கு எடுத்துக்காட்டு தேவையென்றால் பாகிஸ்தானைப் பாருங்கள்: வெற்றி பெற்ற புரட்சியே புதிய சட்ட ஒழுங்குக்கு அடிப்படையாகும் என்று 1958இல் தோசோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பெயரைச் சொல்லி ராணுவ ஆட்சியை ஏற்றது, 1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் அதை நிராகரித்தது.

இயற்கைச் சட்டத்தின் வலுவான வாதத்தை அக்குவினாஸிடம் மட்டும் தேடாதீர்கள். நாஜி ஆட்சியைக் கண்ட ஜெர்மானியச் சட்ட அறிஞர் ராட்பிரூக், அநீதி தாங்க முடியாத அளவை எட்டும்போது எழுதப்பட்ட சட்டம் நீதிக்கு வழிவிட வேண்டும் என்று 1946இல் எழுதினார். 1958இல் ஹார்ட்டும் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபுல்லரும் இதை ஒட்டியே விவாதித்தார்கள். அது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படியத் தகாத அளவுக்குக் கொடியது என்று சொல்வதே நேர்மை என்பது ஹார்ட்டின் நிலை. வெளிப்படையாக இருத்தல், பின்னோக்கிப் பாயாதிருத்தல் போன்ற உள் ஒழுக்கம் இல்லாதது சட்டமாகவே ஆகாது என்பது ஃபுல்லரின் நிலை. நம் வழக்கில் ஃபுல்லரின் கேள்வி கூர்மையானது: நாடாளுமன்றம் இயற்றிய மிசாவுக்கே அதிகாரி கட்டுப்படாதபோது, கேட்க ஆளில்லை என்றால், அங்கே நடப்பது சட்டத்தின் ஆட்சியா? காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் இல்லையா என்று கன்னா கேட்டபோது, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றே அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே விடையளித்தார்.

ரியலிசத்துக்கு இந்த வழக்கு அள்ளித் தருகிறது. அதே ஆணை, அதே சட்டம். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஒரு பக்கம், உச்ச நீதிமன்றத்தின் நால்வர் மறுபக்கம். விதிகள் மட்டும் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? 1977 ஜனவரியில் முதுநிலையில் இருந்த கன்னாவைத் தாண்டி, பெரும்பான்மையில் இருந்த எம்.எச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். ஆனால் ரியலிசம் தீர்ப்பு ஏன் அப்படி வந்தது என்பதை விளக்குமே தவிர, அது தவறா என்று சொல்லாது. இந்த எல்லையைக் குறிப்பிட மறக்காதீர்கள். சாவிக்னியின் வரலாற்றுப் பள்ளிக்கு இந்த வழக்கில் அதிக இடமில்லை. ஒரு வரி போதும், வலிந்து நுழைக்க வேண்டாம். சமூகவியல் நோக்குக்கு, 21ஆம் உறுப்பை இனி நிறுத்தி வைக்க முடியாதபடி 1978இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த 44ஆவது திருத்தத்தைக் காட்டுங்கள்.

தேர்வில் விடையை உண்மைகளில் தொடங்கி, நான்கு நீதிபதிகளும் கன்னாவும் எந்த வாக்கியத்தில் பிரிகிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, அதன் பிறகு பள்ளிகளுக்குச் செல்லுங்கள். 2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்க உரிமை பற்றி ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில் 1976இன் தீர்ப்பு தவறென்று நிராகரிக்கப்பட்டது. அதன் முதன்மைத் தீர்ப்புரையை எழுதிய டி.ஒய். சந்திரசூட், அன்றைய நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். புட்டசாமியில், இந்த உரிமைகள் அரசமைப்பு கொடுத்தவை அல்ல, அது ஏற்றுக்கொண்டவை என்ற கருத்து வரும் பத்திகளைத் தேடி எடுத்து, கன்னாவின் வாதத்துக்கு அருகில் வைத்து வாசியுங்கள். நடைமுறைச் சட்டத்தை விட்டு இயற்கைச் சட்டத்தை நோக்கி நீதிமன்றம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதை அங்கே உங்கள் சொந்தச் சொற்களில் எழுத முடியும்.