கணக்கு வரவில்லை என்று லேப் படிப்பை விட்டுவிடலாமா?

ஸ்ரீராமபுரத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பி.எஸ்சி. எம்.எல்.டி., அதாவது மருத்துவ லேப் டெக்னாலஜி, இரண்டாம் வருடம். பயோகெமிஸ்ட்ரி இன்டர்னலில் தரக் கட்டுப்பாடு, கணக்கு, கருவிகள் என்று வரும் பகுதியில் கோட்டை விட்டுவிட்டாள். "கணக்கிலிருந்து தப்பிக்கத்தானே பி.யு.சி.யில் பயாலஜி எடுத்தேன், இங்கேயும் வந்து நிற்கிறதே" என்று அழுகிறாள். பி.காம்.முக்கு மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேச்சு. போதாக்குறைக்கு உங்கள் கொழுந்தனார் வேறு, "எல்லாம் மெஷின் செய்கிறது, நாளைக்கு இவளுக்கு என்ன வேலை இருக்கும்?" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

படிப்பை விட வேண்டாம். பி.காம். போனாலும் புள்ளியியல் பேப்பரில் இதே ஸ்டாண்டர்ட் டீவியேஷன் உட்கார்ந்திருக்கும்; அங்கே அது எதற்கு என்றுகூடத் தெரியாமல் போட வேண்டியிருக்கும். அவள் பயப்படுகிற இந்தப் பகுதியில்தான் அவளுடைய வேலையே இருக்கிறது. கொழுந்தனார் கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் பாதி வீடுகளில் இதுதான் கதை. அதனால் கீழே உள்ளதை நீங்களே அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பாதியை நீங்களும் புரிந்துகொள்வீர்கள், அதுவும் நல்லதுதான்.

உங்கள் வீட்டுக்காரர் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். தராசு சரியா என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வார்? முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்துப் பார்ப்பார். 1000 கிராம் காட்டினால் வியாபாரம் நடக்கும். லேபில் கன்ட்ரோல் என்று சொல்வது அந்த எடைக்கல்லைத்தான். சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று முன்பே தெரிந்த சீரம் அது. காலையில் நோயாளிகளின் ஸாம்பிளைத் தொடுவதற்கு முன் அதை மெஷினில் ஓட்ட வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. எடைக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே எடையைக் காட்டும், கன்ட்ரோல் காட்டாது. 100 என்று எழுதிய கன்ட்ரோல் ஒரு நாள் 97, மறுநாள் 101 என்று ஆடும். எவ்வளவு ஆடினால் பொறுத்துக்கொள்ளலாம், எங்கே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்? ஸ்டாண்டர்ட் டீவியேஷன் வருவது இந்த ஒரு கேள்விக்காகத்தான். புத்தகத்தில் சிக்மாவும் வர்க்கமூலமும் போட்டு முதல் பக்கத்திலேயே பயமுறுத்திவிடுகிறார்கள். ஒரு தாளை எடுத்து அவளைப் போடச் சொல்லுங்கள்: 97, 99, 100, 101, 103. சராசரி 100. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? 3, 1, 0, 1, 3. அவற்றின் வர்க்கம் 9, 1, 0, 1, 9, கூட்டினால் 20. ஐந்து எண்கள் இருப்பதால் ஒன்று குறைத்து நாலால் வகுத்தால் 5. அதன் வர்க்கமூலம் 2.24. இதுதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சுருக்கமாக எஸ்.டி. அதைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் சி.வி., இங்கே 2.24 சதவீதம். எல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கு. நிஜ லேபில் ஐந்து எண் போதாது, குறைந்தது இருபது வேண்டும் என்பார்கள். அங்கே கணினியே போட்டுக் கொடுத்துவிடும். ஆனால் தாளில் ஒரு முறையாவது போட்டுப் பார்க்காதவருக்கு, கணினி காட்டும் எண் என்ன சொல்கிறது என்று கடைசிவரை பிடிபடாது.

அடுத்தது வரைபடம். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் 1, 2, 3 எஸ்.டி. கோடுகள்; தினமும் ஒரு புள்ளி. 1950-ல் லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் தொழிற்சாலைகளில் இருந்த இந்த முறையை மருத்துவ லேபுக்குக் கொண்டுவந்தார்கள். 2 எஸ்.டி.யைத் தாண்டினாலே தவறு என்று வைத்துக்கொண்டால் ஒரு சங்கடம். எந்தக் கோளாறும் இல்லாமலே நூற்றில் ஐந்து புள்ளி அப்படித் தாண்டும். வெவ்வேறு அளவுள்ள இரண்டு கன்ட்ரோல், அதாவது இரண்டு லெவல், ஓட்டினால், ஏதாவது ஒன்று தாண்டுவது நூற்றுக்கு ஒன்பது முறை நடக்கும். தினமும் பொய் மணி அடித்தால் யார் எழுந்து ஓடுவார்கள்? 1981-ல் வெஸ்ட்கார்டு கொடுத்த விதிகள் இதற்குத்தான்.

மகள் அந்த விதிகளைப் பாட்டுப் போல மனப்பாடம் செய்கிறாள் என்று தெரிகிறது. மனப்பாடம் நிற்காது. ஒவ்வொரு விதியும் எந்தத் திருடனைப் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சராசரி 100, எஸ்.டி. 3 என்று வைத்துக்கொள்வோம். இன்று 107 வந்தது. 106-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே எச்சரிக்கை. நாளையும் 107 வந்தால் அதே பக்கம் இரண்டு முறை தாண்டியாயிற்று, ரிப்போர்ட்டை நிறுத்து. மெஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது: கேலிபரேஷனோ (மெஷினின் அளவைச் சரி செய்து வைப்பது) புது லாட் ரீஏஜென்டோ (பரிசோதனை ரசாயனத்தின் புதுத் தொகுப்பு) காரணமாக இருக்கலாம். ஒரு லெவல் மேலே 2 எஸ்.டி.யைத் தாண்டி, அதே ஓட்டத்தில் இன்னொரு லெவல் கீழே 2 எஸ்.டி.யைத் தாண்டினால் அது சாய்வு இல்லை, தடுமாற்றம்: பைப்பெட்டில் குமிழி, ஸாம்பிளை உறிஞ்சும் ஊசியான ப்ரோபில் அடைப்பு, சரியாகக் கலக்காத கன்ட்ரோல். பத்துப் புள்ளி தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால், எதுவும் எல்லையைத் தாண்டாவிட்டாலும், மெதுவாக ஏதோ நகர்கிறது என்று பொருள். சாய்வா, தடுமாற்றமா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விதிகள் தானாக வரிசையில் நிற்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் வெளியே போனால், உள்ளே வரும்வரை அதையே திரும்பத் திரும்ப ஓட்டி, வந்ததும் "ஓகே" போடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பயிற்சிக்குப் போகும்போது சீனியர் ஒருவர் இதை ஒரு தந்திரம் மாதிரி அவளுக்குக் கற்றுக் கொடுக்கக்கூடும். பார்த்துக்கொள்ளட்டும், பழகிக்கொள்ள வேண்டாம். பொடியாக வரும் கன்ட்ரோல் பாட்டிலைத் திறப்பதிலிருந்தே ஒழுங்கு தொடங்குகிறது. லேபிளில் 5 மில்லி என்றிருந்தால், சரி பார்த்த பைப்பெட்டால் 5 மில்லி டிஸ்டில்ட் வாட்டர். மூடிவைத்து, குலுக்காமல் மெல்லச் சுழற்றி, லேபிளில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும்; அவசரப்பட்டால் அடியில் கட்டி நிற்கும். தண்ணீர் கால் மில்லி கூடினால் அன்றைக்கு எல்லாப் பரிசோதனையும் சேர்ந்து கீழே இறங்கும். மெஷினைக் குறை சொல்லி சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுவார்கள், தப்பு பைப்பெட்டில் இருக்கும்.

கருவிகள் பகுதிக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. வண்ணம் அடர்த்தியானால் ஒளி அதிகம் உறிஞ்சப்படும். பீர்-லாம்பர்ட் விதி அவ்வளவுதான். அளவு தெரிந்த 100 மில்லிகிராம் ஸ்டாண்டர்டுக்கு உறிஞ்சல் 0.250 வந்து, நோயாளிக்கு 0.400 வந்தால் சர்க்கரை 160. நேர் விகிதக் கணக்கு. எஸ்.ஜி.பி.டி. போன்ற, கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் என்சைம்களில் வண்ணத்துக்குப் பதில், 340 நானோமீட்டர் ஒளியில் என்.ஏ.டி.எச். என்ற பொருள் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறோம். ரீஏஜென்ட் 1000 மைக்ரோலிட்டர், சீரம் 100 என்றால் மொத்தம் 1100. 1100-ஐ ஆயிரத்தால் பெருக்கி, 6.22-ஐயும் (என்.ஏ.டி.எச். 340-ல் ஒளியை உறிஞ்சும் அளவைச் சொல்லும் மாறாத எண்) 100-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால் 1768. அவள் புத்தகத்தில் வானத்திலிருந்து குதித்தது போல நிற்கும் அந்த ஃபேக்டர் இங்கிருந்துதான் வருகிறது. நிமிடத்துக்கு 0.025 குறைந்தால் 0.025 × 1768, அதாவது 44 யூனிட்.

அந்த 340-ல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷினில் உள்ள ஹாலஜன் விளக்கு புற ஊதாப் பக்கத்தில் ஏற்கெனவே மங்கல். விளக்குக்கு வயதானால் முதலில் தள்ளாடுவது அந்த முனைதான். ஆகவே 505 நானோமீட்டரில் பார்க்கும் சர்க்கரை ஒழுங்காக நிற்க, எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் மட்டும் தடுமாறினால், அனுபவமுள்ள டெக்னீஷியன் முதலில் சந்தேகப்படுவது விளக்கை. கணக்கு, கருவி, கன்ட்ரோல் மூன்றையும் அவள் மூன்று பாடமாகப் பிரித்துப் படிக்கிறாள். லேபில் மூன்றும் ஒரே காலைப்பொழுதில் ஒன்றாக வரும்.

தேர்வில் கேட்கும் மற்ற கணக்குகள் எளிது. சர்க்கரையை மில்லிமோலுக்கு மாற்ற 18-ஆல் வகுக்க வேண்டும். பி.யு.என்.னை, அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜனை, 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. எல்.டி.எல். என்பது மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பாடு செல்லாது. எல்லாரும் வழுக்கி விழும் இடம் டைல்யூஷன். சர்க்கரை மெஷினின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரு பங்கு சீரத்தோடு நாலு பங்கு சலைன் சேர்த்து ஓட்டினால் 142 வருகிறது. ஐந்தால் பெருக்க வேண்டும், 710. சேர்த்தது நாலு பங்குதானே என்று நாலால் பெருக்கினால் 568. டாக்டர் இன்சுலின் கணக்குப் போடப்போவது அந்த எண்ணை வைத்துத்தான்.

இப்போது கொழுந்தனாருக்கு. மெஷின் எண்ணை அச்சடிக்கும், உண்மை. கன்ட்ரோல் அத்தனையும் கச்சிதமாக நிற்கும் ஒரு காலையில், ஒரு ஸாம்பிளில் பொட்டாசியம் 9, கால்சியம் 4 என்று வருகிறது என்று வையுங்கள். மெஷினைப் பொறுத்தவரை எந்தக் குற்றமும் இல்லை. ஊதா மூடிக் குழாயின் ரத்தத்தை யாரோ சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றியிருக்கிறார்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் போட்டிருந்த ஈ.டி.டி.ஏ. பொட்டாசியத்தைக் கூட்டி, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. கன்ட்ரோல் சோதிப்பது மெஷினை. ஸாம்பிளைச் சந்தேகப்பட ஆள் வேண்டும். ரிப்போர்ட்டை நிறுத்தி, வார்டுக்குப் போன் செய்து, புது ரத்தம் கேட்பது மனுஷர் வேலை. மெஷின் பெரிதாகப் பெரிதாக, ஒரு தவறு பத்துப் பேரிடமல்ல, ஆயிரம் பேரிடம் போகும். அதனால்தான் தரக் கட்டுப்பாடு தெரிந்தவரைத் தேடுகிறார்கள்.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிகளும் லேப் சங்கிலிகளும் லேப்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் வாங்கப் பார்க்கின்றன. அதற்கு ஐ.எஸ்.ஓ. 15189 தரம் வேண்டும். கன்ட்ரோல் பதிவேடு, கேலிபரேஷன் பதிவு, வெளித் தரச் சோதனை எல்லாம் இருந்தாக வேண்டும். நம் வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தரத் திட்டத்திலிருந்து மாதிரிகள் வரும். நம் விடை மற்ற லேப்களின் சராசரியிலிருந்து எத்தனை எஸ்.டி. தள்ளி நிற்கிறது என்று மதிப்பெண் வரும். இந்தக் கோப்புகளைக் கையாளத் தெரிந்தவர் சில வருடங்களில் குவாலிட்டி பொறுப்புக்குப் போகலாம். கருவி விற்கும் நிறுவனங்களில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் என்றொரு வேலை இருக்கிறது: புது மெஷினை லேபில் நிறுவி, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. கன்னடம், தமிழ் இரண்டும் சரளமாகப் பேசும் பெண்ணுக்கு கோலார், ஓசூர், சேலம் என்று அதில் வழி இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க மாட்டேன். பக்கத்து வீட்டு ஐ.டி. பையனோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு மூன்று வருடம் வருத்தம்தான் மிஞ்சும்.

உடனே செய்ய வேண்டியது: ட்யூஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். கல்லூரி லேபில் பழைய கன்ட்ரோல் சார்ட் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டு ஒரு மாதத் தாளை நகல் எடுத்து வரட்டும். பெயர் எதுவும் அதில் இருக்காது, கொடுப்பார்கள். அந்த எண்களை வைத்து சராசரி, எஸ்.டி., சி.வி. போட்டு, வரைபடம் கையால் வரைந்து, எந்த நாளில் எந்த விதி உடைந்தது என்று எழுதட்டும். இரண்டு மாதத் தாள் செய்தால் இந்தப் பகுதியில் அவளை யாரும் அசைக்க முடியாது. பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டுக்குப் பக்கம் என்று சின்ன லேபில் உட்கார வைக்காதீர்கள். தினமும் இரண்டு லெவல் கன்ட்ரோல் ஓட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் துறையினர் சட்டத்தில் லேப் துறையும் இருக்கிறது. பதிவு என்று வரும்போது அங்கீகாரமுள்ள கல்லூரிப் பட்டம்தான் கைகொடுக்கும். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது என்று சான்றிதழை எடுத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இரவு ஷிப்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரி லேப் என்றால் இரவு ஷிப்ட் இருக்கும், தவிர்க்க முடியாது. வண்டி விட்டு அழைத்து வருகிறார்களா, இரவில் தனியாக உட்கார வைக்கிறார்களா, மேலே பொறுப்பானவர் போனில் கிடைப்பாரா என்ற மூன்றையும் சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, கேட்டதற்காக வேலை தராத இடத்தில் அவள் சேராமல் இருப்பதே மேல். ஸாம்பிள் சேகரிப்பு மையங்களிலும் கருவி நிறுவனங்களிலும் பெரும்பாலும் பகல் வேலைதான், ஆனால் முதல் ஒன்றிரண்டு வருடம் ஆஸ்பத்திரி லேபில் கை பழகிவிட்டு அங்கே போவதுதான் சரியான வரிசை.