குளத்தில் நீந்தியவருக்கு 750 மீட்டர் கடல் ஏன் மூச்சு முட்டுகிறது?

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயது. கடை வைத்திருக்கிறேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கிற ட்ரையத்லான் போட்டியில், குறைந்த தூர வகையான ஸ்பிரிண்டுக்குப் பெயர் கொடுக்க ஆசை. 20 கிலோமீட்டர் சைக்கிளும் 5 கிலோமீட்டர் ஓட்டமும் சமாளித்துவிடுவேன். 750 மீட்டர் நீச்சல்தான் பயமுறுத்துகிறது. குளத்தில் நீந்தி வளர்ந்தவன் நான். கடலில் நூறு மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டுகிறதே, ஏன்?
*– ஒரு வாசகர், திங்கள்நகர்*

பதில்: தம்பி, நானும் தக்கலைப் பக்கத்துக் குளத்தில் வளர்ந்தவள்தான். 49 வயதில் முதல் போட்டிக்குப் பயிற்சி தொடங்கியபோது எனக்கும் இதேதான் நடந்தது. நமக்கு நீச்சல் தெரியும், ஆனால் தூரம் நீந்தத் தெரியாது.

குளத்தில் நாம் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நீந்துவோம். அக்கரைப் படியில் துணி துவைக்கிறவர்களோடு பேசிக்கொண்டே போவோம். தலை மேலே நின்றால் இடுப்பும் காலும் கீழே போகும். அந்த உடம்பை இழுத்துக்கொண்டு போவதற்கே பாதித் தெம்பு செலவாகிவிடும். அதோடு முங்கி விளையாடிய பழக்கத்தில், முகம் தண்ணீரில் பட்டதுமே மூச்சைப் பிடித்துவைக்கிறோம். உள்ளே இருக்கிற காற்றை வெளியே விடாமல் புதுக் காற்று எப்படி உள்ளே போகும்? நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், பயம் வரும், பயத்தில் கை வேகமாகச் சுழலும். நூறு மீட்டரில் கதை முடிந்துவிடும்.

முதல் பதினைந்து நாள் நான் நீந்தவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் படியில் நின்று, முகத்தை மட்டும் அமிழ்த்தி, மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விடுவேன். பிறகு தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் ஒரு மூச்சு எடுப்பேன். காலை அரை மணி நேரம் இது மட்டும்தான். குளிக்க வந்தவர்கள் என்ன நேர்ச்சை என்று கேட்டார்கள். அப்புறம் என் தம்பி 50 மீட்டர் கயிறு அளந்து கரையோரமாக இரண்டு கம்பு நட்டுத் தந்தான். கம்புக்குக் கம்பு 15 தடவை போனால் 750. முதல் வாரம் நாலு தடவையில் நின்றேன். இரண்டரை மாதத்தில் பதினைந்தும் நிற்காமல் வந்தது. வேகத்தை நான் பார்க்கவே இல்லை. நீங்களும் பார்க்காதீர்கள். தாமரைக்கொடி காலில் சுற்றாத குளமாகப் பாருங்கள், கரையில் ஒருவரை நிறுத்துங்கள், இடுப்பில் ஆரஞ்சு மிதவை கட்டிக்கொள்ளுங்கள்.

கடலுக்கு வருகிறேன். முட்டம், சொத்தவிளை, குளச்சல் என்று எங்கே ஆனாலும் தனியாக இறங்க வேண்டாம். இதை நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் நம் கடல் நீச்சல் பழகும் இடமே இல்லை. மற்ற மாதங்களிலும் கள்ளக்கடல் வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கோ தெற்கே வெகுதூரத்தில் எழுந்த அலை வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது அப்படிப்பட்ட நாளில்தான். கடல் நிலவரம் சொல்கிற மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட, கரையில் இருக்கிற மீனவர்களிடம் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் வள்ளம் இறக்காத நாளில் நமக்கு அங்கே வேலை இல்லை.

என் முதல் போட்டியில் இருநூறு மீட்டர் தாண்டியதும் பக்கத்தில் நீந்தியவரின் கை என் கண்ணாடியில் பட்டது. ஒரு கண்ணில் உப்புத் தண்ணீர் ஏறியது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்து இருபது மூச்சு எண்ணினேன். கண்ணாடியைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மாட்டினேன். மறுபடி கிளம்பியபோது உடம்பு என் பேச்சைக் கேட்டது. போட்டிப் பாதையில் அடையாளத்துக்குப் போட்டிருக்கும் மிதவையையோ, நிற்கிற படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாற விதி இடம் தருகிறது. அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே மல்லாந்து மிதப்பதையும் பயிற்சியாகவே வையுங்கள். 24 நிமிடத்தில் கரையேறினேன். அந்த நிமிடங்கள்தான் இன்றுவரை எனக்குப் பெருமை.

கேள்வி: வயது 51. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் 6 கிலோமீட்டர் நடக்கிறேன். நான் இதில் இறங்கலாமா?
*– ஒரு வாசகர், மார்த்தாண்டம்*

பதில்: மருத்துவரைப் பார்க்காமல் இறங்கக் கூடாது அண்ணே. 'நல்லா இருக்கேன்' என்று நமக்குத் தோன்றுவது போதாது. அமெரிக்காவில் 30 ஆண்டுக்கும் மேலான ட்ரையத்லான் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். நேர்ந்த மரணங்களிலும் இதயம் நின்றுபோன சம்பவங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு நீச்சல் பகுதியில்தான். அதிலும் நடுவயது தாண்டிய ஆண்களுக்கே ஆபத்து அதிகம். எத்தனையோ ஆயிரம் பேரில் ஒருவருக்கு நேர்வது என்றாலும், நம் வீட்டுக்கு நாம் ஒருவர்தானே. இதயப் பரிசோதனை எதெது வேண்டும், பயிற்சி நாளில் மாத்திரையை எப்படி எடுப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் சரி என்றால் மறுநாளே தொடங்குங்கள்.

கேள்வி: 44 வயது அக்கா. எனக்கு விலை உயர்ந்த சைக்கிள் வாங்க வசதி இல்லை. வீட்டிலோ, 'இந்த வயசுல என்ன ஓட்டம்' என்கிறார்கள்.
*– ஒரு வாசகி, கருங்கல்*

பதில்: தங்கச்சி, இரண்டாவதை முதலில் சொல்கிறேன். சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயிலுக்கு, கையில் விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று ஓடுகிறார்களே, அதில் அறுபது வயதுக்காரர்களை நம் வீட்டு வாசலில் நின்று பார்த்ததில்லையா? அவர்களுக்கு மோர் கொடுக்கிற ஊர்தானே நம் ஊர். வீட்டாரை ஒரு நாள் உங்கள் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் வீட்டுக்காரர் முதலில் முகம் கொடுக்கவில்லை. இப்போது என் டயருக்குக் காற்று அடிப்பது அவர்தான்.

சைக்கிள் என்னிடம் இருப்பது என் மகன் கல்லூரிக்கு ஓட்டிய கியர் சைக்கிள். பிரேக் பிடிக்க வேண்டும், டயர் நன்றாக இருக்க வேண்டும், சீட்டு உயரம் சரியாக இருக்க வேண்டும். முதல் போட்டிக்கு அது போதும். காசு செலவு செய்வதானால் நல்ல ஹெல்மெட்டுக்குச் செய்யுங்கள். ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டால் போட்டியில் தண்டனை உண்டு. காற்றைப் பழக ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு ஞாயிறு அதிகாலை போய்ப் பாருங்கள். காற்றாலைகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? எதிர்க்காற்றில் கியரைக் குறைத்து மிதிப்பதை அந்தச் சாலையில்தான் கற்றேன்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் கட்டை மாதிரி இருக்கும், நம் கால்தானா என்று தோன்றும். வாரம் ஒரு நாள் 10 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, நிற்காமல் ஒரு கிலோமீட்டர் ஓடுங்கள். ஐந்தாறு வாரத்தில் அந்தக் கனம் இறங்கிவிடும். போட்டியில் சைக்கிளின் கடைசிக் கிலோமீட்டரை லேசான கியரில் மிதியுங்கள்.

நீச்சல் முடிந்து சைக்கிளுக்கு மாறுமிடத்தில் நான் ஐந்து நிமிடம் இழந்தேன். ஈரக்காலில் சாக்ஸ் ஏறவில்லை. குதிகாலில் சுருண்டு நின்றதை உட்கார்ந்து பிய்த்து இழுத்தேன். இப்போது சாக்ஸை முன்கூட்டியே பாதி சுருட்டி, உள்ளே பவுடர் தூவி, ஷூவின் மேலேயே வைத்துவிடுகிறேன். பக்கத்தில் கால் துடைக்க ஒரு பழைய தோர்த்து. வீட்டு முற்றத்தில் காலில் தண்ணீர் ஊற்றி இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள்.

சாப்பாடு: முந்தின நாள் புதிதாக எதுவும் வேண்டாம். நான் மதியம் மரச்சீனிக் கிழங்கு, இரவு கஞ்சி. போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு ஏத்தன்பழமும் கட்டன் சாயாவும்.

கழுத்திலும் அக்குளிலும் உரசிப் புண்ணாகாமல் இருக்க நான் தேங்காய் எண்ணெய்தான் தேய்க்கிறேன். ஆனால் கையிலும் காலிலும் போட்டி எண்ணை மார்க்கரால் எழுதுவார்கள். எண்ணெய் பட்ட தோலில் மை ஒட்டாது. எண் எழுதி மை காய்ந்த பிறகு, அந்த இடத்தை விட்டுவிட்டு எண்ணெய் தேயுங்கள்.