சிறு தொழில் செய்கிறவர்கள் தாங்களே இணையதளம் உருவாக்கிக்கொள்ளும் தொடக்கநிலை மென்பொருள்களில் என்ன குறைகள் இருக்கின்றன?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது உங்கள் கையில் விற்பதற்கு ஒரு பொருள் தயாராக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊறுகாயோ, தேனோ, தைத்த துணியோ. வாங்கிய நான்கு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று, “இணையதளம் நீங்களே போட்டுவிடலாம், ஒரு மணி நேர வேலை” என்று ஆசை காட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது என் அண்ணன் மகள். “அத்தை, படத்தை இழுத்து வைக்க வேண்டும், எழுத்தைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்” என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. தொடங்குவது அவ்வளவு சுலபம்தான். விட்டு வெளியேறும்போது எதையெல்லாம் கையோடு எடுத்துப் போகலாம் என்பதைத்தான் யாரும் முதல் நாளில் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் மூன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, இடையிடையே மலைவாழை. பரம்பரையாகப் பழத்தைப் பல்பர் என்ற தோலுரிக்கும் இயந்திரத்தில் போட்டு, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்துப் பார்ச்மென்டாக, அதாவது உள் ஓட்டோடு காய்ந்த கொட்டையாக, வியாபாரியிடம் போடுகிறவர்கள் நாங்கள். 2020 ஊரடங்கில் அவர் சொன்ன விலைக்குப் போட மனம் வரவில்லை. நாமே வறுத்து, அரைத்து, தபாலில் அனுப்பலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். 2021 ஜனவரியில், பறிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் தளத்தைத் தொடங்கினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு அந்த நிறுவனத்தைப் பற்றியதாகிவிடும். இந்தக் குறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

ஒரு மணி நேர வேலை பதினொரு இரவுகள் எடுத்தது. முதலில் தமிழ் எழுத்தே இடறியது. மென்பொருள் தயாராகத் தருகிற பக்க வடிவங்கள், அதாவது வார்ப்புருக்கள், எல்லாம் ரோமன் எழுத்தை மனதில் வைத்து வரையப்பட்டவை. அவர்கள் தரும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், பார்ப்பவரின் கைபேசியில் இருக்கிற ஏதோ ஒரு தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கைபேசியில் சரியாகத் தெரிந்த தலைப்பு, என் கணவரின் கைபேசியில் வரிக்கு வரி முட்டிக்கொண்டு, ‘கி’, ‘டி’யின் மேல் வளைவெல்லாம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் என்று தமிழுக்கான நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து எழுத்துருவை ஏற்ற வேண்டுமென்றால் அதிக விலைத் திட்டத்துக்கு மாற வேண்டும் என்றார்கள்.

அடுத்தது பணம் வாங்குவது. ‘கடை’ வசதிக்கென்று கூடுதலாகக் கட்டினேன். அதில் அட்டை வழியாக மட்டும்தான் பணம் பெற முடிந்தது. எங்களிடம் காப்பித்தூள் கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் யுபிஐயில் அனுப்புகிறவர்கள். கடைசியில் வாட்ஸ்ஆப் எண்ணைப் பெரிய எழுத்தில் முகப்பில் போட்டு, ஆர்டர்களை அதிலேயே எடுத்தேன். எடை பவுண்டில் வந்தது, அதை மாற்றக் கற்றுக்கொண்டேன். தபால் கட்டணத்தை நாடு வாரியாகப் பிரிக்கத்தான் இடம் இருந்தது. மதுரைக்கு ஒன்று, டெல்லிக்கு ஒன்று என்று போட இடம் இல்லை.

முகப்பில் காப்பி கொதிக்கும் காணொளி ஒன்று தானாக ஓடும். சென்னையில் அது அழகு. மலையில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று நிற்கிற இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வருகிறவர்கள் வழியில் எங்கள் விலையைப் பார்க்க முடியாமல், வந்து சேர்ந்த பிறகு கேட்டார்கள். திருத்தும் பக்கம் அதைவிடக் கனம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மின்சாரம் நின்றால் அதுவரை தட்டியது போய்விடும்.

இவையெல்லாம் சிரமங்கள். பொறுத்துக்கொண்டு ஓட்டலாம். எனக்கு ஆறாத காயம் 2022-இல் நடந்தது.

கணக்கைத் தொடங்கியபோது அண்ணன் மகளின் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தோம். அவள் பிறகு வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள், அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை. இதற்கிடையில் 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று நடைமுறைக்கு வந்தது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நம் ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும். நம் பாதுகாப்புக்கான விதி, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் என் தளம் இருந்த நிறுவனம் அதற்கான ஏற்பாட்டை அப்போது செய்திருக்கவில்லை. 2022 ஜனவரியில் சந்தாப் பணம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குப் போயின. பிப்ரவரியில், புதுத்தூள் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், வாடிக்கையாளர் ஒருவர் “உங்கள் தளம் திறக்கவில்லையே, கடையை மூடிவிட்டீர்களா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

வேறு அட்டையில் உடனே கட்டினேன். தளம் திரும்பி வந்தது. எங்கள் பெயரில் இருந்த இணைய முகவரி (டொமைன்) வரவில்லை. நிறுவனத்தின் பெயர் ஒட்டிய நீளமான முகவரி ஒன்றில் தளம் நின்றது. முதல் ஆண்டு முகவரியை ‘இலவசம்’ என்று சந்தாவோடு சேர்த்துத் தந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முதல் அதற்குத் தனி ரசீது, தனிக் கட்டணம். எனக்கு அது தெரியாது. சந்தா கட்டினால் முகவரியும் வந்துவிடும், சில நாள் ஆகும் என்று காத்திருந்தேன். டாட் காம் முகவரி காலாவதியான பிறகு ஒரு சலுகைக் காலம் உண்டு. அது முடிந்தால், கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க இன்னும் 30 நாள். அதற்கும் பிறகு ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி சந்தைக்கு வந்துவிடும். இதை நான் கற்றுக்கொண்டபோது ஏப்ரல் முடிந்திருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த முகவரியைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது.

அந்த முகவரியைப் பைகளில் அச்சிட்டிருந்தோம். இரண்டாயிரம் பைகள் மீதி இருந்தன. எங்கள் காப்பிக்குப் பக்கத்தில் சூதாட்டம் வருவதை என் மாமனாரால் தாங்க முடியவில்லை. வெள்ளைத் தாளில் எங்கள் வாட்ஸ்ஆப் எண்ணை அடித்து வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து மாமியாரும் நானும் ஒவ்வொரு பையிலும் பழைய முகவரியின் மேல் ஒட்டினோம். நான்கு மாலைகள் ஆனது. மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கி, பழைய எழுத்து முழுக்க மறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார்.

“விதிமுறைகளைப் படித்திருக்க வேண்டும்” என்று இங்கே யாராவது எழுதுவார்கள். படித்தேன். ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக இருந்ததை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அதில் எல்லாம் இருக்கத்தான் செய்தது. தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை, காட்டுமாடு, காய் துளைப்பான் என்று நூறு வேலைக்கு நடுவே இருக்கிறவர்களுக்குத்தான் இந்த மென்பொருள் என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படியானால் முக்கியமான இரண்டு வரிகளை முகப்பில், புரிகிற மொழியில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. “நீங்களே நிரல் எழுதக் கற்றிருக்கலாமே” என்பவர்களுக்கும் அதே பதில்தான். நான் காப்பி விவசாயி.

சட்டப்படி காட்ட வேண்டிய விவரங்களுக்கும் அந்த வார்ப்புருவில் இடம் இல்லை. பொட்டலமாக விற்கும் பொருளுக்கு அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரிப்பவர் முகவரி ஆகியவற்றை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 முதல் நம் நாட்டு விதி. நான் அவற்றையெல்லாம் ‘பொருள் விளக்கம்’ என்ற பெட்டிக்குள் திணித்தேன். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை, கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் சொல்கிறேன். சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், கலந்த அளவைப் பொட்டலத்தில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போடுகிறார்கள், பொடி எழுத்தில். வாங்குகிறவர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எங்களிடம் வந்து “உங்கள் காப்பியில் நிறமே இறங்கவில்லை, கலப்படமா?” என்று கேட்கிறார்கள். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ கொட்டை, வறுத்தால் அதிலும் குறையும். ஒரு செடி நட்டால் காய்க்க மூன்று நான்கு ஆண்டு, அதன் பிறகும் மார்ச், ஏப்ரலில் பூமழை சரியாகப் பெய்ய வேண்டும். அந்தக் கொட்டையை மட்டும் அரைத்துக் கொடுக்கிறவள் கலப்படம் என்ற சொல்லைக் கேட்க வேண்டியிருக்கிறது. சிக்கரி பிடித்தவர்கள் குடிக்கட்டும், தவறில்லை. அது சிக்கரி என்று தெரிந்து குடிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 2023-இல் சந்தா முதல் ஆண்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனபோது வெளியேற முடிவு செய்தேன். அப்போதுதான் இந்தப் பதிலின் தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு விடை கிடைத்தது. பொருள்களின் பெயரும் விலையும் ஒரு பட்டியல் கோப்பாக வந்தன. மற்ற எதுவும் வரவில்லை. பக்கங்களின் அமைப்பு அந்த மென்பொருளுக்குள் மட்டுமே உயிர் வாழும், வேறு சர்வரில், அதாவது தளங்களை வைத்திருக்கும் வேறு கணினியில், கொண்டுபோய் வைக்க முடியாது. அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காப்பி நட்டதுபோல. குத்தகை முடிந்தால் கொட்டையை எடுத்துப் போகலாம், செடியைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

நான் எழுதிய கட்டுரைகளைக் கையால் ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். வாடிக்கையாளர் கேள்விகளும் பதில்களும்தான் சிக்கல். அந்தப் பதில்களை எல்லாம் சொன்னவர் என் மாமனார். மாலையில் களத்திலிருந்து வந்து, “என்னம்மா, இன்றைக்கு யார் கேட்டிருக்கிறார்கள்?” என்று திண்ணையில் உட்கார்வார். நிழலை எப்போது கழிக்க வேண்டும், பழத்துக்குள் ஒற்றைக் கொட்டையாக விளையும் பீபெரிக்கு ஏன் தனி ருசி, ஊறல் போதுமா என்று விரலால் எப்படித் தெரிந்துகொள்வது என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். 2022 நவம்பரில் அவர் காலமானார். அந்த உரையாடல்களைப் பதிவிறக்க வழி இல்லை என்று உதவிப் பிரிவு ஆங்கிலத்தில் இரண்டு வரி அனுப்பியது. சந்தா முடிய ஒன்பது நாள் இருந்தது. திரையைக் கைபேசியால் படம் எடுத்து வைத்தேன்.

நிறுவனமே கடையை மூடினாலும் இதே நிலைதான். இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டிஸை யாஹூ 2009-இல் மூடியது. சிறு வணிகங்களுக்கு இலவசமாகத் தந்திருந்த தளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது.

எனவே நீங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் முகவரியைத் தனியாக, பதிவு நிறுவனம் ஒன்றில், உங்கள் பெயரில், நீங்கள் தினமும் திறக்கிற மின்னஞ்சலில் வாங்குங்கள். தளம் எங்கே மாறினாலும் முகவரி உங்களோடு வரும். எழுதுவதை முதலில் உங்கள் கணினியில் எழுதி, பிறகு தளத்தில் ஒட்டுங்கள். படங்களையும் அப்படியே. இலவச மாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டு பக்கம் போட்டு அவற்றை வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. இந்த மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே பக்கம், பெயர், படம், எண் என்றால் அது போதும், பணமும் மிச்சம். நான் இப்போது தளம் அமைக்கும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸை வாடகை சர்வரில் வைத்திருக்கிறேன். அதில் வேறு வேலை இருக்கிறது. புதுப்பிப்புகளைத் தவறாமல் செய்யாவிட்டால் உள்ளே யாராவது புகுந்துவிடுவார்கள். ஆனால் பிடிக்கவில்லையென்றால் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம். புதிய முகவரி என் பெயரில் இருக்கிறது, புதுப்பிக்க வேண்டிய தேதியைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன்.

மாமனாரின் பதில்களைப் படங்களிலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்து புதிய தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொன்று. இருபத்தாறு முடிந்திருக்கிறது. இரண்டு படங்களில் விளக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்திருக்கிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் சொன்ன பதில் நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள்.