டாக்டரம்மா பதில்கள்: காளைக்கன்றுக்குக் காயடிப்பது எப்போது, எப்படி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காளைக்கன்று பற்றித்தான். எனவே மடிநோய்க் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பதினைந்து கலப்பினப் பசு வைத்து சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறோம். இப்போது மூன்று மாத வயதில் மூன்று காளைக்கன்று நிற்கிறது. ஆன்லைனில் ரப்பர் வளையமும் அதை மாட்டுகிற இடுக்கியும் விற்கிறார்கள். ‘நாமே மாட்டிவிடலாம், டாக்டர் செலவு மிச்சம்’ என்கிறான் என் தம்பி. மாட்டலாமா டாக்டரம்மா?
– வாசகர், ஆனேக்கல்

பதில்: முதலில் தம்பி கையிலிருந்து இடுக்கியை வாங்கி வையுங்கள். வளையம் என்பது பிறந்த முதல் வாரத்துக் கன்றுக்கானது. 7 நாள் தாண்டினால் வளையம் போடக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டமே இருக்கிறது. காரணம் எளிது. வளையம் இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், கீழே உள்ளது செத்துச் சுருங்கி சில வாரத்தில் தானாக விழும். மூன்று மாதக் கன்றுக்கு விதைப்பையும் நரம்பும் தடித்துவிட்டிருக்கும். வளையம் முழுதாக இறுக்காது. உள்ளே போகும் ரத்தம் திரும்பி வர வழியில்லாமல் வீங்கிக்கொண்டே போகும். வளையத்தைச் சுற்றி வாரக்கணக்கில் புண் இருக்கும். சாணியும் மூத்திரமுமான தரையில் அந்தப் புண் வழியாக வில்வாத ஜன்னி வரும். டெட்டனஸ் ஊசி போடாமல் வளையம் மாட்டுவது விஷப்பரீட்சை. இன்னொன்றும் நடக்கும். ஒரு விதை மேலே நழுவி, வளையத்துக்கு மேல் தங்கிவிடும். பை விழுந்துவிட்டதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கன்று பத்து மாதத்தில் பசு மேல் ஏறும்.

உங்கள் கன்றுகளின் வயதுக்கு பர்டிஸோதான் சரி. இத்தாலிக்காரக் கால்நடை மருத்துவர் ஒருவர் உருவாக்கிய கிடுக்கி, அவர் பெயரிலேயே நிற்கிறது. இதில் தோலைக் கிழிப்பதில்லை, ரத்தம் வராது. விதைப்பையின் கழுத்தில், விதைக்குப் போகிற நரம்புத் தண்டை விரலால் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்து, கிடுக்கியின் தாடைக்குள் வைத்து நெரிப்பார்கள். உள்ளே தண்டு நறுக்கென்று நசுங்குவது கையில் தெரியும். பத்து வினாடியாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும். அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு நெரிப்பு. அப்புறம் அடுத்த பக்கம்.

டாக்டர் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வலப்பக்கக் கோடும் இடப்பக்கக் கோடும் ஒரே மட்டத்தில் சேரக்கூடாது. ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் கொஞ்சம் தோல் நெரிபடாமல் இருக்க வேண்டும். அந்த வழியாகத்தான் பைக்கு ரத்தம் போகிறது. இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்தால் பை முழுக்க அழுகிவிடும். ஆண்குறித் தண்டும் சின்ன மடிக்காம்பும் தாடைக்குள் சிக்காமலும் பார்க்க வேண்டும்.

கிடுக்கியே சரியாக இருக்கிறதா என்பது பலர் கேட்காத கேள்வி. இரண்டு காகிதத்துக்கு நடுவே ஒரு நூலை வைத்து அழுத்திப் பாருங்கள். நூல் அறுபட வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. நூல் அறாவிட்டால் தாடை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடி அழுத்தியபடியே அலமாரியில் போட்டு வைத்தால் இப்படித்தான் ஆகும். கொஞ்சம் திறந்த நிலையில் வைக்க வேண்டும்.

மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி போட்டு, சில நிமிடம் காத்திருந்து செய்யச் சொல்லுங்கள். ரத்தம் வராததால் வலிக்காது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் ஓடுகிறது. நன்றாகவே வலிக்கும். ஊசியின் மரப்பு ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். அதற்குப் பிறகான வலிக்கு மெலாக்சிகாம் போடலாம். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று டைக்ளோஃபினாக் போடாதீர்கள். கழுகுகளைக் கொல்கிறது என்பதால் மாட்டுக்கு அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். நம் பக்கத்து ராமநகரத்தில் ராமதேவர மலையில் மிச்சம் இருக்கும் பாறுக் கழுகுகளை நினைத்தாவது அதைத் தொடாதீர்கள்.

டாக்டர் செலவு மிச்சம் என்றீர்களே, வளையத்தால் சீழ் வைத்த ஒரு கன்றுக்கு மருந்து வாங்கிப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: என் மாமனார் ஹள்ளிகார் இனக் காளை ஜோடி வளர்க்கிறார். ஒன்றரை வயது. ‘பல் போடட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார். காட்டி சுப்ரமண்யா ஜாத்திரைக்கு, அதாவது அங்கே கூடும் மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களும் அப்படியே சொல்கிறார்கள். நீங்களோ எல்லாரிடமும் சின்ன வயசிலேயே செய்யச் சொல்கிறீர்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, தொட்டபள்ளாபூர்

பதில்: உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. சீக்கிரம் செய்யச் சொல்வது பால் பண்ணைக் கன்றுக்கு. உழவுக்கும் வண்டிக்கும் வளர்க்கிற மாட்டுக்குக் கணக்கு வேறு. காளைச் சுரப்பு, அதாவது ஆண் ஹார்மோன்தான் திமிலையும் கழுத்தையும் கட்டுகிறது. அதைக் கன்றிலேயே நிறுத்தினால், எலும்பு முனைகள் தாமதமாக மூடுவதால் மாடு உயரமாக வளரும். ஆனால் நுகத்தடி உட்காருகிற கழுத்து மெலிந்து நிற்கும். அதனால் முதல் ஜோடிப் பல் விழுந்து முளைக்கிற வரை, சுமாராக இரண்டு இரண்டரை வயது வரை, விட்டுவைப்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம்.

ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த வயதில் வீக்கம் அதிகம், மாட்டைப் பிடிப்பதும் கஷ்டம், முட்டுகிற பழக்கம் வந்துவிட்டால் காயடித்த பிறகும் முழுதாகப் போகாது. பெரிய அளவு பர்டிஸோ வேண்டும், இல்லாவிட்டால் அறுவை. அறுவையில் பையின் அடிப்பகுதியைக் கீறி விதையை எடுத்துவிடுவார்கள். கண்ணால் பார்த்து எடுப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. புண்ணைத் தைக்காமல் விடுவது நீர் வடிவதற்காக, பயப்பட வேண்டாம்.

ஒரு யோசனை. ஜோடியில் ஒன்று தோதான அமைப்போடு இருந்தால், காயடிக்கும் முன் கால்நடைத் துறை டாக்டரிடம் காட்டுங்கள். காங்கேயத்தோடு சேர்த்து 2000-ல் அஞ்சல்தலையில் ஏறிய இனம் இது. பொலிகாளைக்கு லாயக்கானதை அவசரப்பட்டு எருதாக்கிவிட வேண்டாம்.

கேள்வி: பர்டிஸோ போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஒரு விதை சுருங்கிவிட்டது, இன்னொன்று அப்படியே இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?
– வாசகர், ஒசகோட்டை

பதில்: வேண்டாம். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் சுருங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கத் தண்டு தாடையில் சிக்காமல் நழுவியிருக்கிறது. அது காளைதான். மறுபடி செய்யுங்கள், அதுவரை கிடாரிகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். சரியாகக் காயடித்த கன்றையும் ஒரு மாதத்துக்கு மேல் பிரித்தே வைக்க வேண்டும். குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்து போதும், சினை பிடிக்க.

கேள்வி: வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் தொழுவத்தில், ஒரு கன்றைப் படுக்க வைத்து இரண்டு கட்டைக்கு நடுவே விதையை வைத்துக் கல்லால் நசுக்கினார்கள். அது கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. இதைச் சட்டம் அனுமதிக்கிறதா?
– வாசகி, வைட்ஃபீல்ட்

பதில்: அனுமதிக்கவில்லை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம், விதிகளில் சொன்ன முறையில் செய்யும் காயடிப்புக்கு மட்டும்தான் விலக்குத் தருகிறது. அந்த முறை என்ன என்பதை 2023-ல் வந்த விதிகள் சொல்கின்றன: பதிவு பெற்ற கால்நடை மருத்துவர், மரப்பு மருந்து. கட்டையும் கல்லும் அதில் வராது. ஆனால் அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பெங்களூரில் ஒரு காபி விலை!

போலீசுக்குப் போகும் முன் தொழுவக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். பெரும்பாலோர் வேறு வழி தெரியாமல், பெரியவர்கள் செய்ததைச் செய்கிறார்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் பர்டிஸோ இருக்கும் என்று சொன்னாலே பலர் கேட்டுக்கொள்வார்கள். கன்று சுருண்டு படுத்து, தீனி எடுக்காமல் கிடந்தால் 1962 எண்ணுக்கு அழைக்கலாம், நடமாடும் ஊர்தி வரும்.

கேள்வி: சினை ஊசிதானே போடுகிறோம், காளை தேவையே இல்லை. அப்படியிருக்க காளைக்கன்றுக்கு எதற்குக் காயடிப்பு?
– வாசகர், நெலமங்களா

பதில்: அவிழ்த்து மேயவிடாமல், தனியாகக் கட்டி, எட்டு மாதத்துக்குள் கை மாற்றிவிடுவீர்கள் என்றால் தேவையே இல்லை. எட்டு பத்து மாதத்தில் கலப்பினக் கன்றுக்கு வயது வந்துவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் முட்டும், அவிழ்ந்தால் சின்னக் கிடாரியையும் சினையாக்கும். யூடியூபில் நீங்கள் பார்க்கிற ஆஸ்திரேலியா, அமெரிக்கப் பண்ணைகள் இறைச்சிக்காகச் செய்கின்றன. அதை அப்படியே இங்கே பிடிக்க வேண்டாம். காளைக்கன்றே வேண்டாம் என்றால் பாலினம் பிரித்த விந்துக் குச்சி கேளுங்கள், பத்துக்கு ஒன்பது கிடாரிதான் பிறக்கும். விலை கூடுதல், சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. அதனால் முதல் ஈற்றுக் கிடாரிகளுக்குப் போடுவது நல்லது.

கேள்வி: அமாவாசை பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்கிறார் எங்கள் மாட்டுக்காரர். உண்மையா?
– வாசகர், மாகடி

பதில்: நிலவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈக்கு உண்டு. அறுவை என்றால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலத்தைத் தவிர்த்து, டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புண்ணில் புழு வைக்கும். பர்டிஸோ என்றால் எந்த மாதமும் சரி. வெயிலுக்கு முன், காலையில் செய்யச் சொல்லுங்கள்; பகல் முழுக்க ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.