சின்ன யூனிட்டுக்கு ஏற்றுமதி நட்சத்திரம் கிடைக்குமா? கேள்வி பதில்

ஏற்றுமதி ஆவண வேலையில் இருப்பவன் என்பதால் ஏற்றுமதி அளவைப் பார்த்து மத்திய அரசு தரும் 'ஸ்டார் எக்ஸ்போர்ட் ஹவுஸ்' (நட்சத்திர ஏற்றுமதியாளர்) அந்தஸ்து பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கரூர் வாசகர்: திரைச்சீலை, மேசை விரிப்பு அனுப்புகிறோம். சின்ன யூனிட்தான். எங்களுக்கெல்லாம் நட்சத்திரம் கிடைக்குமா?

தாராளமாக. 2023 வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி ஒரு நட்சத்திரத்துக்கு 30 லட்சம் டாலர் ஏற்றுமதி வேண்டும். நடப்பு ஆண்டையும் முந்தைய மூன்று ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளலாம். எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர) உற்பத்தியாளருக்கு, அந்த ஒரு நட்சத்திரத்துக்கு மட்டும், ஏற்றுமதியை இரட்டிப்பாகக் கணக்கிடுவார்கள். ஆக 15 லட்சம் டாலர் போதும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 12.75 கோடி. எஃப்.ஓ.பி. மதிப்புதான், அதாவது கப்பலில் ஏற்றும் வரையான விலைதான் கணக்கு, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் பில் போட்டிருந்தால் அவை இரண்டையும் கழித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

கோவை வாசகர்: சான்றிதழ் தானாகவே வரும் என்றார்கள். வரவில்லையே?

2023 அக்டோபரிலிருந்து டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) தன் கையிலுள்ள ஏற்றுமதித் தரவை வைத்துத் தானாக வழங்குகிறது, உண்மைதான். ஆனால் இரட்டிப்புச் சலுகை அதில் சேராது. அதற்கு நீங்கள்தான் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். சின்ன யூனிட்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஈரோடு வாசகர்: ஃபிரேம் போட்டு மாட்டுவதைத் தவிர என்ன பயன்?

வர்த்தகக் கொள்கைத் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டியதில்லை. உத்தரவாதத்துக்காக வங்கியில் முடங்கும் பணம் நூல் வாங்க உதவும். சின்ன யூனிட்டுக்கு இது பெரிய விஷயம்.

பொள்ளாச்சி வாசகர்: ஏற்றுமதி பெருகினால் உத்யமில் (எம்.எஸ்.எம்.இ. பதிவில்) 'சிறு' தகுதி போய்விடுமா?

விற்றுமுதல் கணக்கில் ஏற்றுமதியைச் சேர்ப்பதில்லை. இயந்திர முதலீட்டையும் உள்நாட்டு விற்பனையையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: பணம் கட்டினால் 'சிறந்த ஏற்றுமதியாளர்' விருது என்று போன் வருகிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். ஏற்றுமதி அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியோவின் 'நிர்யாத் ஸ்ரீ', பொறியியல் பொருள்களுக்கு அந்தத் துறையின் ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலான இ.இ.பி.சி.யின் விருது என்று முறையானவை இருக்கின்றன. அவற்றில் ஏற்றுமதிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

திருப்பூர் வாசகர்: பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறேன். நாங்கள் தைத்த டி-ஷர்ட் ஜெர்மனி போகிறது. விருது வேறு ஒருவருக்குப் போகிறது.

இதைப் படித்ததும் மனசு கனத்தது. இரவு முழுக்க ஓவர்லாக் ஓட்டி, பிசிறு வெட்டி, பெட்டி கட்டி லாரி ஏற்றுவது நீங்கள். சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் ஏற்றுமதியாளர் கட்டத்தில் இருப்பது ஆர்டர் எடுத்தவர் பெயரும் அவருடைய ஐ.இ.சி. (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு) எண்ணும். ஒருவரின் ஏற்றுமதியை இன்னொருவர் கணக்கில் காட்ட விதி இடம் தரவில்லை. அவர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க்கை விட வேண்டாம், அதுதான் வாரச் சம்பளம். அதோடு சேர்த்து, 200 பீஸுக்கு சொந்த ஏற்றுமதி ஆர்டர் ஒன்றைப் பிடியுங்கள். ஐ.இ.சி. வாங்க பான், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு, 500 ரூபாய் கட்டணம், அவ்வளவுதான். அந்த 200 பீஸுக்குப் போடும் ஷிப்பிங் பில்லில் உங்கள் பெயர் இருக்கும்.