வேலைக்குப் போனால் இ.எஸ்.ஐ. பென்சன் நின்றுவிடுமா?

கேள்வி: ஓசூரில் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி இடது கையில் மூன்று விரல்களை இழந்தேன். மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதியதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டிலிருந்து மாதம் 4,860 ரூபாய் வருகிறது. குடும்பச் செலவுக்காக மச்சானிடம் மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினேன். பென்சன் கணக்கின் ஏடிஎம் கார்டு 20 மாதமாக அவரிடம்தான் இருக்கிறது. "எடுப்பது வட்டிக்குத்தான் சரியாகப் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது" என்கிறார். பழைய கம்பெனி ஸ்டோர்ஸ் வேலைக்கு 16,000 சம்பளத்தில் கூப்பிடுகிறது. பதிவேட்டில் பெயர் ஏறினால் பென்சன் நின்றுவிடும் என்று அவர் தடுப்பதால், தெரிந்தவர் கடையில் கணக்கில் வராமல் 9,000 ரூபாய்க்கு இருக்கிறேன். போகலாமா? ஒரு ஏஜென்ட் யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார், அதையும் எடுக்கலாமா?

பதில்: நாளைக்கே போங்கள். சிகிச்சைக் காலத்தில் வந்ததே தற்காலிக ஊனத் தொகை, அதுதான் வேலையில் சேர்ந்ததும் நின்றுபோவது. உங்களுக்கு இப்போது வருவது நிரந்தர ஊனத்துக்கானது. விபத்துக்கு முன் உங்கள் நாள் சம்பளம் 600 ரூபாய்; அதில் 90 சதவீதம் 540; அதில் 30 சதவீதம் 162. மாதத்துக்கு 4,860. இந்தக் கணக்கில் புதுச் சம்பளம் எங்கேயும் வரவில்லை, பாருங்கள். மூன்று விரல் இழப்புக்கு 30 சதவீதம் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஸ்டோர்ஸில் உட்கார்ந்ததும் விரல் முளைத்துவிடாது. போர்டு கொடுத்த தாளில் 'தற்காலிக மதிப்பீடு' என்று இருந்தால் மட்டும் மறுபரிசோதனைக்குத் தவறாமல் போய்வாருங்கள்.

எனக்குக் கவலை அந்தக் கார்டைப் பற்றித்தான். 20 மாதத்தில் மச்சான் எடுத்தது 97,200 ரூபாய். முதல் மாத வட்டி 3,000. மீதி 1,860 அசலில் கழிந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் வட்டியும் அதற்கேற்பக் குறைய வேண்டும். இப்படியே கழித்துக்கொண்டு வந்தால் இன்று பாக்கி ஏறக்குறைய 50,000தான். அசல் அப்படியே நிற்கிறதென்றால் மாதம் 1,860 எங்கே போனது? நீங்கள் வேலைக்குப் போகக் கூடாதென்று அவர் ஏன் இவ்வளவு அக்கறைப்படுகிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சட்டப்படி இந்த இ.எஸ்.ஐ. பயனைப் பெறும் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றவோ கடனுக்காக ஜப்தி செய்யவோ முடியாது. வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கச் சொல்லிப் புதிது வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன், உங்கள் மனைவியை உடன் வைத்துக்கொண்டு பாஸ்புக் பதிவுகளைக் காட்டி மச்சானிடம் கணக்கை முடித்துவிடுங்கள். அண்ணன் தங்கைக்குள் பேச்சு முறியக் கூடாது. பணத்தையும் விடக் கூடாது.

அந்த 50,000க்கு வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து எடுங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் முதல் மாத வட்டி 400 சொச்சம். மச்சானுக்கு அதே பாக்கிக்கு 1,500. பென்சனை அப்படியே நகைக்கடனுக்குக் கட்டினால் பதினொரு மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகச் சம்பளத்தில் கையில் நிற்கும் 14,000 குடும்பத்துக்கு. கடைக்காரர் கொடுக்கும் 9,000ல் பி.எஃப். இல்லை, நாளை இன்னொரு விபத்து என்றால் இ.எஸ்.ஐ.யும் இல்லை.

யூலிப்பா? ஆண்டுக்கு 36 சதவீத வட்டிக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு முதலீடு செய்யச் சொல்பவருக்குத் தன் கமிஷன் மட்டும்தான் தெரிகிறது. நகை திரும்பி வரும்வரை அவருடைய போனை எடுக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம்: சேரும்போது கம்பெனியில் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுங்கள். அவசரத்தில் புது எண் போட்டுவிடுவார்கள், பிறகு இரண்டையும் இணைக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.