வாசகர் கேள்வி – பதில்: மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, கேரள எல்லையோர ஊர்களிலிருந்து, பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பொருளைத் தொட்டு வந்திருக்கின்றன. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு, வனவியலும் இயற்கை வளப் பாதுகாப்பும் படிப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்துத் தேறியிருக்கிறாள். நான் ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் குமுளி மலை ஏறி இறங்குகிறவள். வனவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். காட்டில் திரிகிற படிப்பு பெண்பிள்ளைக்கு எதற்கு என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எங்கே சேர்ப்பது?
– வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

அம்மா, இந்தப் படிப்பின் பெரும்பகுதி அளவெடுப்பதிலும் அதைக் கணக்காக்குவதிலும் கழியும் என்பதை முதலில் மகளிடம் சொல்லிவிடுங்கள். புலியையும் யானையையும் மனத்தில் வைத்துக்கொண்டு சேர்கிற பிள்ளைகள், மண்ணியல், புள்ளியியல், நாற்றங்கால், மர நோய்கள் என்று பாடங்கள் வரிசைகட்டி வருவதைக் கண்டு சோர்ந்துபோவது உண்டு.

ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுக்க வேண்டும். நம் நாட்டில் அந்த உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர். சமதளத்துத் தேக்குத் தோப்பில் இதில் சிரமம் எதுவும் இல்லை. மேகமலைச் சரிவில் நிற்கும் மரத்தில், மேட்டுப்பக்கம் நின்று அளந்தால் ஒரு கணக்கும் பள்ளத்துப்பக்கம் நின்று அளந்தால் வேறு கணக்கும் வரும், மேட்டுப்பக்கம்தான் முறை. அடிமரத்தில் பலகை வேர் விரிந்திருந்தால் அது முடிகிற இடத்துக்கு மேலே நாடாவைச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றளவிலிருந்து விட்டம், விட்டத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் கன அளவு, அதிலிருந்து அந்தக் காடு தேக்கி வைத்திருக்கும் கார்பன் என்று கணக்கு ஏறிக்கொண்டே போவதால், அடியில் செய்த பிழை உச்சியில் பல மடங்காகத் தெரியும். ஒருமுறை மாணவர் குழுவோடு போயிருந்த நான், காலில் ஏறிய அட்டையைப் பார்த்தபடியே நாடாவை முறுக்கலாகச் சுற்றி ஓர் எண்ணைச் சொன்னேன். குறிப்பேடு வைத்திருந்த மாணவி நாடாவை ஒரு பார்வை பார்த்தாள். எழுதியதை அடித்துவிட்டு, "மறுபடி எடுங்கள் சார்" என்றாள். உங்கள் மகளுக்கு அந்தக் குணம் இருந்தால் இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரும்.

தமிழ்நாட்டில் நேரான வழி, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேட்டுப்பாளையத்தில் இயங்கும் வனக்கல்லூரி. நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் சேர்க்கிறார்கள். காட்டு உயிரினங்கள் மீதுதான் ஈடுபாடு என்றால், இளநிலையில் விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, உதகை அரசு கலைக் கல்லூரியிலோ மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலோ வனவிலங்கு உயிரியலில் முதுநிலை சேரலாம். டேராடூனில் 1982இல் தொடங்கப்பட்ட இந்திய வனவிலங்கு நிறுவனத்திலும் முதுநிலை உண்டு. அதற்கு நுழைவுத் தேர்வு கடினமானது. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லைப் பெயரில் ஒட்டிக்கொண்டு வருகிற எல்லாப் படிப்புகளையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் வெளிக்களப் பயிற்சி என்று கேளுங்கள்; அதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள்.

உறவினர்களுக்கு என்ன சொல்வது? இந்திய வனப்பணியில் பெண்கள் 1980இலேயே சேர்ந்துவிட்டார்கள். அது தூரத்துக் கதையாகத் தோன்றினால், நீங்கள் தினமும் ஏறுகிற மலையிலேயே சான்று இருக்கிறது. தேக்கடியில் 'வசந்தசேனை' என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுச் சந்தன மரங்களைக் காக்கக் கிளம்பிய குடும்பத்துப் பெண்கள் அவர்கள்.

நான் சித்தூரில் தமிழ் வழியில் படித்தவன். வனவியல் படிக்க வெள்ளானிக்கரையா, மேட்டுப்பாளையமா? மலையாளம் பேசுவேன், எழுதத் தடுமாறுவேன்.
– வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி திருச்சூர் அருகே வெள்ளானிக்கரையில் இருக்கிறது. அங்கே சேர நீட் எழுதியிருக்க வேண்டும். மருத்துவம் சார்ந்த படிப்புகளின் வரிசையில் வைத்து அந்தத் தரவரிசைப்படியே மாநில ஒதுக்கீடு நடக்கிறது. டாக்டர் படிப்புக்கு மட்டும்தான் நீட் என்று எண்ணி எழுதாமல் விடுகிற பிள்ளைகள் எல்லையோரத்தில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் உங்களுக்கு வெளிமாநிலம். ஆனால் வேளாண் பல்கலைக்கழகங்களில் ஒரு பங்கு இடங்களை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் கியூட் (CUET) என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியாக நாடு முழுவதற்கும் பொதுவாக நிரப்புகிறது. இரண்டு தேர்வையும் எழுதிவிடுங்கள். இரண்டு கல்லூரியிலும் பாடம் ஆங்கிலத்தில்தான். மலையாள எழுத்தால் மதிப்பெண் குறையாது.

உங்கள் ஊர்க்காரருக்கு வேறொரு வசதியும் உண்டு. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் உங்கள் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே வண்டியில் போகவேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து, சேத்துமடை சோதனைச் சாவடி தாண்டி, டாப்சிலிப் வழியாகத்தான் மறுபடி கேரளத்துக்குள் நுழைய முடியும். அங்கே தேக்கிவைக்கப்படும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத் தண்ணீர் பொள்ளாச்சிப் பக்கம் பாய்கிறது. இரு மாநில வனத்துறையோடும் அவரவர் மொழியில் பேசத் தெரிந்த ஒருவருக்கு, அங்கே ஆய்வு செய்யப் போகும்போது அனுமதிக் கடிதத்துக்கு அடுத்தபடியாகப் பயன்படுவது அந்தப் பேச்சுதான்.

யானைக் கணக்கெடுப்பில் கேரள யானை, தமிழக யானை என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? இதையும் கல்லூரியில் சொல்லித் தருவார்களா?
– வாசகர், போடிநாயக்கனூர்

கேலியாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனாலும் இது கெட்டிக்காரத்தனமான கேள்வி. யானைக்கு எல்லைக்கல் தெரியாது. இன்றைக்கு இங்கே எண்ணி, அடுத்த வாரம் அங்கே எண்ணினால் ஒரே கூட்டம் இரண்டு கணக்கிலும் ஏறிவிடும். அதனால்தான் 2024 மே 23 முதல் 25 வரை தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் ஒரே நாட்களில் கணக்கெடுத்தார்கள். தமிழ்நாட்டுக்கு வந்த மதிப்பீடு 3,063.

நேரில் பார்த்து எண்ணுவதோடு, லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, எண்ணுகிற முறையும் உண்டு. குறிப்பிட்ட நீளத்துக்கு நேர்கோட்டில் நடந்து, இரு பக்கமும் கண்ணில் படும் ஒவ்வொரு லத்திக் குவியலுக்கும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுவார்கள். ஒரு யானை நாளொன்றுக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல் லத்தி போடும் என்பதும், ஒரு குவியல் கரைந்து மறைய எத்தனை நாள் ஆகும் என்பதும் தெரிந்தால், கிடக்கிற குவியல்களிலிருந்து யானைகளின் எண்ணிக்கையை மதிப்பிடலாம். சிக்கல் கரைகிற நாளில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற தேக்கடிப் பக்கம் கரைவதும், மழைமறைவுப் பகுதியான உங்கள் போடிப் பக்கம் கரைவதும் ஒன்றாகாது. சாணவண்டுகளும் தம் பங்குக்குக் கணக்கைக் குழப்பும். அங்கே எடுத்த எண்ணை இங்கே போட்டால் இல்லாத யானைகள் முளைத்துவிடும். ஆமாம், இதையும் வகுப்பில் சொல்லித் தருவார்கள்.

காட்டோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியாததையா கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்?
– வாசகர், குமுளி

பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன் ஐயா. தேக்கடியில் காட்டு லவங்க வகையான வயனா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை, 1990களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது, வழக்குகளிலிருந்து விடுவித்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். எந்தத் தடத்தில் யார் வருவார், எங்கே ஒளிவார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறெவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மன்னான், பளியர் குடியினரின் அறிவும் அத்தகையதே.

மறுபாதியையும் சொல்லவேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி ஒரு குடி தன் உரிமையைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது, வரைபடமும் ஆதாரமும் சேர்த்துக் கிராம சபையில் வைக்கவேண்டியிருக்கிறது. முன்பு தேன் எடுத்த மரத்தில் இப்போது ஏன் தேனடை இல்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரியவரின் நினைவும் வேண்டும், பத்தாண்டு மழை அளவும் வேண்டும். உங்கள் பேரப்பிள்ளை இந்தப் படிப்பில் சேர்ந்தால் முதல் ஆய்வுக் கட்டுரைக்கு உங்களைத்தான் கேட்டு வருவான். அப்போது கோபிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

பின்குறிப்பாக, கம்பத்திலிருந்து ஒரு பொறியியல் பட்டதாரி அஞ்சலட்டையில் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: வனவியல் படிக்காமல் இந்திய வனப்பணிக்குப் போகமுடியுமா? முடியும் தம்பி, பொறியியல் பட்டமும் ஏற்கப்படுகிறது, முதல்நிலைத் தேர்வு குடிமைப்பணிக்கும் இதற்கும் ஒன்றுதான். ஆனால் பணியில் சேருமுன் ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து காட்டவேண்டும். இப்போதே பழகுங்கள். குமுளி மலைப்பாதையில் வேண்டாம், அங்கே ஜீப்புகள் வளைவில் ஒதுங்க இடம் தருவதில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய சாலை விடியற்காலையில் காலியாக இருக்கும்.